கப்பல் வந்தால் வீங்கும் கட்டைவிரல்

என் கணவருடைய வலது கால் கட்டைவிரலைப் பற்றி எழுதுவதற்கு அவரிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் கொடுக்க மாட்டார். ஆனால் அந்த விரலால் அவர் பட்ட பாட்டைவிட நான் பட்ட பாடு அதிகம். அதனால் அதைப் பற்றிப் பேசும் உரிமை எனக்குத்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அறுபதுகளில் நாங்கள் போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில், ஒரு மரவீட்டுக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அவர் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. கல்யாணம் முடிந்த கையோடு என்னைக் கப்பலேற்றிக் கூட்டி வந்துவிட்டார். சிவகங்கைப் பக்கத்தில் என் அம்மா தனியாக இருந்தாள். அப்பா இல்லை, நான் ஒரே பெண். "ரெண்டு வருஷத்துல லீவு வரும்மா, கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள வந்துருவேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். அந்த இரண்டு வருஷம் நான்காகிவிட்டது. இடையில் எனக்கு ஒரு பெண் பிறந்து, நடந்து, வாயாடவும் கற்றுக்கொண்டாள். அம்மா அவளைப் பார்க்கவே இல்லை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாரையாவது பிடித்து எழுதிப்போடச் சொல்லுவாள். நான் சுகம், பேத்தியைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, அவ்வளவுதான் இருக்கும்.

இந்த நான்கு வருஷத்துக்கும் காரணம் அந்தக் கட்டைவிரல்தான்.

கதை புரிய வேண்டுமானால் முதலில் கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீவில் அப்போது கிழமைக்கு மதிப்பில்லை. கப்பல் வருவதற்கு முன்னால், கப்பல் போன பிறகு என்றுதான் பேச்சு. மெட்ராஸ் கப்பல் வந்தால் உருளைக்கிழங்கு, வெங்காயம், வெள்ளாடு, கடிதம், யாராவது ஒருவருடைய மாமியார் எல்லாம் ஒன்றாக இறங்கும். சரக்கை இறக்கி, மரத்தை ஏற்றி, அது திரும்பிப் போகச் சில நாட்கள் ஆகும். அந்தச் சில நாட்களில்தான் மெயின்லேண்டுக்கு லீவில் போகிறவர்களுக்கு விருந்து நடக்கும்.

இந்த விருந்து சும்மா பாசத்தில் போடுவதில்லை. லீவில் போகிறவர்கள் எல்லோருடைய சாமான்களையும் கொண்டுபோக வேண்டும். ஒருவர் தங்கைக்குச் சங்கு அனுப்புவார், இன்னொருவர் அப்பாவுக்குப் படாக் மரத்தில் செய்த பெட்டி அனுப்புவார், பாக்கு, கருவாடு, கொப்பரை என்று மூட்டை கூடிக்கொண்டே போகும். சாமானை மட்டும் கொண்டுவந்து தலையில் கட்டினால் மரியாதை இல்லை. வீட்டுக்குக் கூப்பிட்டு வயிறாரச் சோறு போட்டு, கை கழுவும்போதுதான் மூட்டையை எடுத்து வைப்பார்கள். சாப்பிட்டுவிட்டால் சாமானை ஏற்றுக்கொண்டாயிற்று என்று அர்த்தம். இலையில் ஏதாவது மிச்சம் வைத்தால், 'இவனுக்கு நம்ம மூட்டையைத் தூக்க மனசில்லை' என்று தெரு முழுக்கப் பேச்சாகிவிடும்.

என் கணவர் போதும் என்று சொல்லத் தெரியாத மனிதர். ஆபீசிலும் அப்படித்தான், இலையிலும் அப்படித்தான்.

முதல் லீவு வந்தபோது கப்பல் நின்ற நாட்களில் தினம் ஒரு வீடு. எங்கள் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்த பாய் வீட்டில் கப்பலில் வந்த ஆட்டின் கறி, ஈரல், சுவரொட்டி என்கிற மண்ணீரல். மலையாளி மேஸ்திரி வீட்டில் நண்டும் மத்தியும், அதற்கு முன்னால் கொல்லைப்பக்கம் கூப்பிட்டுக்கொண்டுபோய் ஒரு கிளாஸ் ரம்மும். எனக்குத் தெரியாது என்று இரண்டு பேரும் அப்போது நினைத்துக்கொண்டிருந்தார்கள். தெலுங்கு போட்காரர் வீட்டில் இறால். கப்பல் கிளம்பும் நாள் விடியற்காலையில் அவர் "ஐயோ" என்று கத்தியதைக் கேட்டு வீடே இடிந்துவிட்டது என்று எழுந்தேன். கட்டைவிரல் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கி, பளபளவென்று மின்னியது. மேலே போட்டிருந்த போர்வை பட்டாலே உயிர் போகிறது என்றார்.

பக்கத்து வீடுகள் அத்தனையும் கூடிவிட்டன.

"கங்கஜூரா கடிச்சிருக்கு. பக்கா" என்றார் மேஸ்திரி. தீவில் பூரானுக்கு அதுதான் பெயர். ஊரில் நாம் பார்க்கும் பூரான் இல்லை, ஒரு சாண் நீளம் இருக்கும், கடித்தால் கால் வீங்கி காய்ச்சலே வரும். உடனே கட்டிலைக் கவிழ்த்தார்கள், பாயை உதறினார்கள், நான் பார்த்துப் பார்த்துக் கட்டிவைத்த மூட்டைகளை எல்லாம் அவிழ்த்தார்கள். சமையலறை விறகுக்கடியில் ஒரு பூரான் அகப்பட்டது. அது பாவம், அந்தக் கட்டைவிரலை வாழ்நாளில் பார்த்தே இருக்காது. செருப்பால் அடித்துக் கொன்றார்கள்.

பிறகு வைத்தியம். மேஸ்திரி மணலை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார். போட்காரர், நரம்பும் பிசகியிருக்கலாம் என்று சூடான எண்ணெய் போட்டு விரலை நீவி இழுத்தார். அவர் இழுத்த இழுப்பில் என் கணவர் கத்தியது பக்கத்து ஊரான கராச்சர்மா வரைக்கும் கேட்டிருக்கும். மத்தியானத்துக்குள் கணுக்கால் வரை வீங்கிவிட்டது. மாலையில் கப்பல் மூன்று தடவை ஊதியது. அடுப்படியில் நின்றுகொண்டு அதைக் கேட்டேன். யாருக்கும் தெரியாமல் அழவேண்டும் என்றெல்லாம் தோன்றவில்லை, நன்றாகவே அழுதேன்.

லீவை ரத்து செய்துவிட்டு அவர் வேலைக்குப் போனார். ஆபீசில் ஆள் பற்றாக்குறை என்று அடுத்த லீவு கிடைப்பதற்குள் ரொம்ப நாளாகிவிட்டது. கப்பல் வந்தது, தினம் ஒரு வீடு சாப்பிட்டார், கிளம்பும் நாள் காலையில் அதே விரல், அதே கத்திரிக்காய். இந்த முறை வீட்டில் பூரானே இல்லை. தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்காததால் குற்றம் ஷூவின் மேல் போனது. மெயின்லேண்டுக்குப் போகும்போது போடுவதற்கென்றே அவர் ஒரு ஜோடி தோல் ஷூ வைத்திருந்தார். தீவு மழையில் அது பச்சைப் பூசணம் பூத்துக் கிடக்கும். கப்பல் வந்ததும் துடைத்து, காலில் மாட்டி, வீட்டுக்குள் நடந்து பார்ப்பார்.

"பூசணம்தான் ரத்தத்துல ஏறிருச்சு" என்றார் என் கணவர்.

அந்த ஷூவை ஆபீஸ் பியூனுக்குக் கொடுத்துவிட்டார். பியூன் அதை மாட்டிக்கொண்டு பல வருஷம் நடந்தார். அவருக்கு ஒரு நகம்கூட வலித்ததில்லை.

அன்றைக்கும் கப்பல் ஊதியது. அன்றைக்கும் அடுப்படியில்தான் நின்றேன். ஆனால் இந்த முறை அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டது. எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்த போட்காரரை வாசலிலேயே நிறுத்தினேன். ஒரு ஜீப்பைப் பிடித்து என் கணவரை ஏற்றி, தலையணை மேல் காலை வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் ஒவ்வொரு குழிக்கும் அவர் கத்தினார். நான் ஆறுதல் சொல்லவில்லை.

டாக்டர் வடக்கத்திக்காரர், ஹிந்தியில்தான் பேசினார். விரலைத் தொடாமலே கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்கே அவரைப் பிடித்துப்போயிற்று எனக்கு. போன தடவை எப்போது வந்தது என்று கேட்டார்.

"கப்பல் வந்தப்போ" என்றார் என் கணவர்.

"இந்தத் தடவை?"

"கப்பல் வந்தப்போ."

கப்பல் வந்தால் என்ன செய்வீர்கள் என்றார் டாக்டர். ஊருக்குப் போகத் தயாராவோம் என்றார் இவர். தயாராக என்ன செய்வீர்கள் என்றார். இவர் கூரையைப் பார்த்தார்.

"சாப்பிடுவார்" என்றேன் நான். எனக்கு வந்த ஹிந்தியில், போன தடவை செய்த சுடுமணல், எண்ணெய் வைத்தியம் உட்பட எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ஈரல், சுவரொட்டி, நண்டு, மத்தி, இறால். கொல்லைப்பக்கத்து ரம்மையும் சேர்த்தேன். என் கணவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். டாக்டர் நோட்டை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார்.

ரத்தத்தையும் எடுத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அந்த மாதிரிக் கறியும் மீனும் சாராயமும் அளவுக்கு மீறி உள்ளே போனால், ரத்தத்தில் ஒரு கழிவு உப்பு கூடிவிடும். சிலருடைய உடம்பு அதை வெளியே தள்ளிவிடும், சிலருடைய உடம்பு தள்ளாது. கெட்டிலின் அடியில் உப்புப் படிகிற மாதிரி அது மூட்டில் போய்ப் படியும். உடம்பிலேயே தூரமான, குளிர்ச்சியான மூலை கால் கட்டைவிரல்தான், அங்கே போய் ஊசி ஊசியாக உறையும். உடம்பு சும்மா இருக்குமா? அன்னியன் நுழைந்துவிட்டான் என்று ரத்தத்தை அந்த இடத்துக்கு ஓட விடும். அதனால்தான் சூடு, சிவப்பு, வீக்கம், வலி. நாலும் சேர்ந்து வந்தால் அங்கே உடம்பு சண்டை போடுகிறது என்று அர்த்தம்.

"தீப்பிடிச்ச வீட்டு வாசலில் தண்ணி வண்டி நிற்கிறது. வண்டியால்தான் தீப்பிடிச்சதுன்னு வண்டியை அடிப்பீங்களா? சுடுமணலும் எண்ணெயும் அதைத்தான் செஞ்சிருக்கு" என்றார்.

காலை உயரத்தில் தூக்கி வைக்க வேண்டும், ஈரத்துணியால் குளிர்ச்சி கொடுக்க வேண்டும், மாத்திரை சாப்பிட வேண்டும், குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும், நீவக்கூடாது. விரல் ஆறின பிறகு தினமும் நடந்து உடம்பைக் குறைக்க வேண்டும். ஈரலும் நண்டும் பொடிமீனும் ரம்மும் வேண்டாம். நான் கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். எல்லா வீக்கமும் இந்த வீக்கம் இல்லை. பூரான் கடித்தாலும் வீங்கும், அடிபட்டாலும் வீங்கும், அது வந்த வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். போகாமல் தங்குவதும், போய்ப் போய்த் திரும்பி வருவதும்தான் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை.

"விருந்துக்குக் கூப்பிட்டா வேண்டாம்னு சொல்லிடுங்க" என்று முடித்தார் டாக்டர்.

வேலையை ராஜினாமா செய்யச் சொன்னதுபோல முகம் வெளுத்துப்போனார் என் கணவர்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அவர் சாயங்காலம் டாலிகஞ்ச் வரை நடந்தார். தண்ணீர்ச் செம்பை அவர் கையிலிருந்து நான் இறக்க விடவில்லை. கட்டுப்போட்ட விரலைத் தலையணை மேல் வைத்துப் பொத்திப் பொத்தித் தூங்கவைத்ததைப் பார்த்து எங்கள் பெண் அதை 'அப்பாவோட பாப்பா' என்று கூப்பிட ஆரம்பித்தாள். பாப்பா அதன் பிறகு எழுந்திருக்கவில்லை.

மூன்றாவது லீவு கிடைத்தது. கப்பல் வருகிற செய்தி வந்தது. அன்றைக்கே பாய் வீட்டு அக்கா வாசலுக்கு வந்துவிட்டார்.

"தங்கச்சி, வெள்ளிக்கெழம நம்ம வீட்டுல. ஆட்டுக்குச் சொல்லியாச்சு. கீழக்கரைக்கு ஒரு சின்னப் பொட்டிதான், வேற ஒண்ணுமில்ல."

"பெட்டியக் குடுங்கக்கா, கொண்டுபோறோம். சாப்பாடு மட்டும் வேணாம். அவருக்கு ஆகாது."

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "எங்க சோறு ஆகாதா? யாரு என்ன சொன்னா?"

"சத்தியமா ஒண்ணுமில்லக்கா. டாக்டர் சொல்லியிருக்காரு."

"டாக்டரு சொல்றாரு, நீங்க சாப்பிடாம போறீங்க. அப்புறம் பொட்டிய நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் குடுக்குறது?" என்றார். சொன்னபடி பெட்டியைக் கொடுக்காமலே போயும்விட்டார். மேஸ்திரி வீட்டிலும் இதே கதைதான். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் யாரும் என்னிடம் பேசவில்லை. ஒரு தெருவையே பகைத்துக்கொண்டு ஊருக்குப் போய், திரும்பி வந்து, அதே தெருவில் எப்படிக் குடியிருப்பது? யோசித்து யோசித்து எனக்குத் தலைவலியே வந்துவிட்டது.

கடைசியில் பாய் வீட்டுக்கு நானே போனேன்.

"அக்கா, மூட்டையத் தூக்குறது யாரு? அவரா? போன ஜென்மத்துலகூட அவரு மூட்ட தூக்குனதில்ல. கப்பல்லயும் ரயில்லயும் எண்ணி எண்ணி எறக்குறது நான். அப்ப சாப்பிட வேண்டியது யாரு?"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "நாயந்தான். ஆனா மிச்சம் வைக்கக் கூடாது" என்றார்.

மிச்சம் வைக்கவில்லை. அவருடைய பங்கையும் சேர்த்து நான்தான் சாப்பிட்டேன். பாய் வீட்டில் ஈரல், மேஸ்திரி வீட்டில் நண்டு, போட்காரர் வீட்டில் இறால். பக்கத்தில் என் கணவர் மோர்ச்சோறும் வெள்ளரிக்காயுமாக உட்கார்ந்து, என் இலையையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஒவ்வொரு வாய் வைக்கும்போதும் அவர் தொண்டை ஏறி இறங்கும். மேஸ்திரி கொல்லைப்பக்கம் போகலாமா என்று கண்ணைக் காட்டினார். "அதையும் நானே குடிச்சிரவா?" என்றேன். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

கிளம்பும் நாள் காலையில் நான் எழுந்ததும் பார்த்தது அவர் விரலைத்தான். மெலிந்து, வெளுத்து, சாதுவாக இருந்தது. அவர் புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி கப்பலேறினார். சாப்பிட்ட வயிற்றையும் குழந்தையையும் மூட்டைகளையும் இழுத்துக்கொண்டு பின்னால் ஏறியது நான்.

நடுக்கடலில் அலை எழுந்தது. பாய் வீட்டு ஈரல்தான் முதலில் வங்காள விரிகுடாவுக்குப் போய்ச் சேர்ந்தது. நண்டு, தான் வந்த இடத்துக்கே திரும்பிப் போயிற்று. மெட்ராஸ் வந்து சேரும்வரை நான் தலையைத் தூக்கவில்லை. அவர் மட்டும் மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

ஊரில், வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். ஓடி வந்து பேத்தியை வாங்கினாள். கையால் பிடித்துத் தூக்காமல் முழங்கையை மடக்கி அணைத்துத் தூக்கினாள். அப்போது இருந்த சந்தோஷத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. உள்ளே போனால் வீடெல்லாம் மசாலா மணம். வாணலியில் ஈரல்.

நாலு வருஷம் கழித்து அம்மாவைப் பார்த்தவள் என்ன பேசியிருக்க வேண்டும்? நான் பேசியது, "அவருக்கு ஈரல் ஆகாதும்மா."

"விடியக்காலயே எந்திரிச்சு அம்மியில அரைச்சு வச்சிருக்கேன். என் கையால மாப்ள சாப்பிடக் கூடாதா?" என்று அம்மா கையை நீட்டினாள்.

அப்போதுதான் கையைப் பார்த்தேன். விரல் கணுக்கள் எல்லாம் புடைத்திருந்தன. இரண்டு கையிலும் ஒரே மாதிரி. தொட்டேன், சுட்டது. அம்மா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். சூடு, சிவப்பு, வீக்கம், வலி. நாலும் இருந்தது. அந்தக் கையால்தான் அரைத்திருக்கிறாள்.

"எவ்வளவு நாளா இருக்கு?"

"ஒரு வருஷமா இருக்கும். வயசாகுதுல்ல. காலையில மடக்க வராது, வெயிலேறுனா சரியாயிரும்."

"ஏன்மா எனக்குச் சொல்லல?"

"கடலுக்கு அங்கிட்டு இருக்கவகிட்ட இதச் சொல்லி என்னத்துக்கு?"

எனக்கு அம்மாமேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. என்மேல் அதைவிட அதிகம் வந்தது.

மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். இது கட்டைவிரல் வீக்கம் இல்லை, சாப்பாட்டால் வந்ததும் இல்லை, மூட்டைப் பிடிக்கிற வேறு வாதம் என்றார்கள். இதில் உடம்பு, அன்னியன் யாரும் இல்லாமலே தன் மூட்டோடு தானே சண்டை போடுகிறதாம். விட்டுவிட்டால் விரல் கோணிவிடும். மாத்திரை கொடுத்து, காலையில் கையை வெந்நீரில் வைக்கச் சொன்னார்கள். அம்மி பக்கமே போகக்கூடாது என்றார்கள். மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா, மாற்ற வேண்டுமா என்று பார்க்கக் கட்டாயம் திரும்ப வரவேண்டும் என்று ஒரு நாளும் குறித்தார்கள்.

அந்த நாளுக்கு முன்னால் எங்கள் கப்பல். நான் போய்விட்டால் அம்மா ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். லீவை நீட்டுங்கள் என்று அவரிடம் கெஞ்சினேன். மாமியார் கை வீங்கியதற்கெல்லாம் ஆபீசில் லீவு நீட்ட மாட்டார்கள், தனக்கே உடம்புக்கு முடியாவிட்டால்தான் உண்டு என்றார். இரண்டு நாள் அவரோடு பேசாமல் மூட்டை கட்டினேன்.

மெட்ராஸுக்கு ரயிலேற வேண்டியதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் கறிக்கடைக்குப் போய்விட்டு வந்தார். இலைப்பொட்டலத்தில் ஈரலும் சுவரொட்டியும்.

"இத வறுத்துக் குடு. அத்தை பக்குவம் சொல்லட்டும், நீ செய்" என்றார்.

"உங்களுக்குப் பைத்தியமா?"

"லீவு முடியுதுல்ல. ஆசையா இருக்கு."

அந்த விரலுக்காக ஊர்ச் சோற்றைத் தின்று கடல் முழுக்க வாந்தி எடுத்தவள் நான். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேதான் வறுத்தேன். அம்மா மட்டும் முகமெல்லாம் சிரிப்பாக, மிளகு போதாது, இன்னும் போடு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் சட்டியை வழித்துச் சாப்பிட்டார். இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். பக்கத்தில் வைத்த தண்ணீர்ச் செம்பைத் தொடவே இல்லை. என்ன மனுஷன் இவர் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டேன்.

காலையில் என் பெண் போட்ட கூச்சலில்தான் விழித்தேன். "அப்பாவுக்குப் பாப்பா வந்திருச்சு! அப்பாவுக்குப் பாப்பா வந்திருச்சு!"

அவர் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கத்திரிக்காய். நெற்றியெல்லாம் வேர்வை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் பல்லை விடுவித்துக் கேட்டார்:

"அத்தைய மதுரைக்கு என்னைக்கு வரச் சொன்னாங்க?"

திட்டத்தான் வாயைத் திறந்தேன். லீவைப் பற்றி அவர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனிதரை அதற்கு முன்னால் நான் அவ்வளவு நேசித்ததில்லை, இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

அம்மா தண்ணீர்ச் சட்டியும் துணியுமாக வந்தாள். நனைத்தாள், ஆனால் அவளுக்குப் பிழிய வரவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். மெட்ராஸில் கப்பல் எப்போது ஊதியது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு நாளெல்லாம் நான் துணி பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தேன், குளிர்ந்ததை அவருக்கும், வெந்நீரில் நனைத்ததை அம்மாவுக்கும்.